ஒரே பெயரில் இரண்டு ஹெட்டர்



நம் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு ஒரு வரிதான் என்று யாராவது சட்டம் போட்டால் என்ன ஆகும்? இரண்டாவது ஆள் ‘உள்ளேன் ஐயா’ சொன்னதும் முதல் ஆளின் குறி அழிந்துபோகும். வகுப்பில் உட்கார்ந்திருந்தும் அவன் ஆப்சென்ட்! இதே கதைதான் இந்த வருடம் எங்கள் புராஜெக்டில் நடந்தது.

பிரவுசர் கேட்கும் பக்கத்தை அனுப்பும்போது, சர்வர் அதற்கு முன்னால் சில வரிகளையும் சேர்த்து அனுப்புகிறது. இவையே எச்.டி.டி.பி. ஹெட்டர்கள் ஆகும். ஒவ்வொரு வரியிலும் முதலில் பெயர், நடுவில் முக்காற்புள்ளி, பிறகு மதிப்பு. சில ஹெட்டர்கள் ஒரே பெயரில் பல முறை வரலாம். இதற்கு நல்ல உதாரணம் ‘செட்-குக்கி’. நாம் லாகின் செய்ததை நினைவில் வைக்க ஒரு குக்கி, நாம் தேர்ந்தெடுத்த மொழிக்கு ஒரு குக்கி என்றால், இரண்டு செட்-குக்கி வரிகள் தனித்தனியாக வரும்.

எங்கள் நூலக புராஜெக்டில் சர்வரை எழுதியது என் கூட்டாளி. அதைச் சோதிக்கும் புரோகிராம் என் பொறுப்பு. லாகின் சோதனை ஃபெயில் ஆனது.

“டேய், உன் சர்வர் செஷன் குக்கியையே அனுப்பலடா” என்றேன்.

“அனுப்புதுடா, நல்லா பாரு” என்றான்.

இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. சரியாக இருந்த புரோகிராமை அவன் பிரித்துப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் ‘கர்ல்’ மூலம் சர்வரின் பதிலை அப்படியே திரையில் வரவழைத்தோம். இரண்டு வரிகளும் பளிச்சென்று இருந்தன. தப்பு என்னுடைய சோதனையில்!

பைத்தானில் ‘கெட்ஹெட்டர்ஸ்’ கொடுத்த பட்டியலை நான் டிக்‌ஷனரியாக மாற்றியிருந்தேன். டிக்‌ஷனரியில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்புதான் நிற்கும். பின்னால் வந்த மொழிக் குக்கி, முன்னால் வந்த செஷன் குக்கியை அழித்துவிட்டது.

‘அப்போ ரெண்டையும் கமா போட்டு ஒண்ணாச் சேர்த்துட்டா?’ என்று கேட்பீர்கள். பட்டியலாக மதிப்பு ஏற்கும் ஹெட்டர்களுக்கு அது சரியே. வந்த வரிசை மாறாமல் கமாவால் இணைக்கலாம் என்று 2022-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9110 என்னும் விதித்தொகுப்பு கூறுகிறது. ஆனால் செட்-குக்கி விதிவிலக்கு. குக்கி காலாவதியாகும் தேதியிலேயே, ‘புதன், 21 அக்டோபர் 2015’ என்பதுபோல, கிழமைக்குப் பின் ஒரு கமா வரும். எது தேதியின் கமா, எது நாம் போட்ட கமா என்ற குழப்பம் வந்துவிடும்.

ஆகவே சர்வரைச் சோதிக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஹெட்டர்களைப் பட்டியலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் ‘கெட்-ஆல்’ என்று கேட்டால், அந்தப் பெயரில் வந்த மதிப்புகள் எல்லாம் பட்டியலாகக் கிடைக்கும்.

2. ஹெட்டர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

3. எத்தனை முறை வந்தது என்றும் எண்ணுங்கள். பதிலின் நீளத்தைச் சொல்லும் ‘கன்டென்ட்-லெங்த்’ இரண்டு வேறு மதிப்புகளோடு வந்தால் அது பிழை. பதில் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

4. சோதனையையும் சோதியுங்கள். வேண்டுமென்றே ஒரு குக்கியை நிறுத்திப் பாருங்கள். சோதனை ஃபெயில் ஆக வேண்டும். இரண்டும் வந்தால் பாஸ் ஆக வேண்டும்.

கூட்டாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுடா, டீ வாங்கிக் கொடு” என்றான். நண்பர்களே, சோதனை ஃபெயில் என்றதும் அடுத்தவன் மேல் பழி போடாதீர்கள். சர்வர் உண்மையில் என்ன அனுப்பியது என்று முதலில் கண்ணால் பாருங்கள். எனக்குப் போன அந்த இரண்டு நாள் உங்களுக்காவது மிச்சமாகட்டும்!