நலமும் நோயும்: ஆயர் பணித் திருமுகங்களில் ‘ஆரோக்கியமான உபதேசம்’

திறவுச்சொற்கள்: ஆரோக்கியமான உபதேசம், நலந்தரும் போதனை, அரிபிளவை, செவித்தினவு, விவிலிய மொழிபெயர்ப்பு

முன்னுரை

நற்போதனையைக் காத்தலும் தவறான போதனையை விலக்கலும் கிறித்தவ மரபில் பெரும்பாலும் மெய், பொய் என்னும் எதிர்நிலையில் வைத்தே பேசப்படுகின்றன. தமிழ்த் திருச்சபை வழக்கிலுள்ள ‘சத்திய உபதேசம்’, ‘கள்ள உபதேசம்’, ‘துருபதேசம்’ ஆகிய தொடர்கள் இதற்குச் சான்று. ஆயின், இச்சிந்தனைக்கு அடிப்படையாகக் காட்டப்பெறும் 1 திமொத்தேயு, 2 திமொத்தேயு, தீத்து ஆகிய மூன்று திருமுகங்களும் தமக்குரிய மையச் சொல்லை மருத்துவத்திலிருந்து எடுத்துள்ளன. இவை பவுலே எழுதியவையா, அவர்வழி வந்த மாணாக்கர் எழுதியவையா என்பது நெடிய விவாதம். இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு அம்முடிவு இன்றியமையாததன்று.

சொல்லாட்சி

‘ஆரோக்கியமான உபதேசம்’ எனப் புராட்டஸ்டண்டு சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு தரும் தொடரின் மூலத்தில் ‘ஹுகியாய்னோ’ என்னும் கிரேக்க வினை உள்ளது. உடல்நலத்துடன் இருத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். புதிய ஏற்பாட்டில் இவ்வினை பன்னிரண்டு இடங்களில் வருகிறது. லூக்கா நற்செய்தியின் 3 இடங்களிலும் யோவானின் மூன்றாம் திருமுகத்தின் ஓரிடத்திலும் மனிதரின் உடல்நலத்தையே குறிக்கிறது. எஞ்சிய 8 இடங்களும் மேற்சொன்ன மூன்று திருமுகங்களுக்குள் அடங்குகின்றன. அங்கு மட்டுமே அது போதனைக்கும் நம்பிக்கைக்கும் அடையாகிறது.

நலத்திற்கு எதிர்நிலையாக நோயும் உடன் வருகிறது. சொற்போரில் வேட்கை கொண்டவன் நோயுற்றவனாகக் காட்டப்படுகிறான் (1 திமொ. 6:4). இமெநேயு, பிலேத்து ஆகியோரின் பேச்சு ‘காங்கிரைனா’ போலப் பரவும் என்கிறது 2 திமொத்தேயு 2:17. இதனைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘அரிபிளவை’ என்றனர். பிளவை என்பது நாட்டு மருத்துவத்தில் புழங்கும் சொல். சதையை அரித்துக்கொண்டு படரும் புண் என்னும் காட்சி அதில் முழுமையாக வந்துவிடுகிறது. மூலத்திற்கு இதைவிட நெருக்கமான தமிழ்ச் சொல் கிடைப்பது அரிது.

‘செவித்தினவு’ (2 திமொ. 4:3) இன்னும் நுட்பமானது. அங்கே நோய் போதிப்பவனிடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. தினவெடுத்த செவியினர் தம் விருப்பத்திற்கேற்ற போதகரைத் தாமே திரட்டிக்கொள்கின்றனர். சொறிதல் அப்போதைக்கு இன்பம் தரும், தினவோ மிகும். தவறான போதனைக்குப் போதகரை மட்டும் பொறுப்பாக்கும் வழக்கமான வாதத்தை இவ்வொரு சொல் மறுத்துவிடுகிறது.

எது நோய்?

1 திமொத்தேயு 1:9-10இல் கொலை, ஆள்கடத்தல், பொய்யாணை முதலிய செயல்களே நலமான போதனைக்கு எதிரானவையாக அடுக்கப்படுகின்றன. தீத்து 2ஆம் அதிகாரம் முதியோர், இளையோர், அடிமைகள் ஆகியோரின் நடத்தையை அப்போதனைக்கு ஏற்றதாக விளக்குகிறது. இதனை நோக்கினால், கோட்பாட்டுத் தூய்மை மட்டுமே பேசப்படுவதாகக் கொள்ள இயலாது. அதற்காகக் கோட்பாடு புறந்தள்ளப்படவும் இல்லை: உயிர்த்தெழுதல் முன்னரே நடந்து முடிந்தது என்பதே இமெநேயு, பிலேத்து ஆகியோர் மீதான குற்றச்சாட்டு. மணத்தையும் சில உணவுகளையும் தடைசெய்யும் கடுந்துறவும் பிறழ்வாகவே கணிக்கப்படுகிறது (1 திமொ. 4:3). பிறழ்வு என்றாலே ஒழுக்கத் தளர்வு எனக் கருதுவோர் இப்பகுதியைப் பெரிதும் கவனிப்பதில்லை.

மருத்துவ முறை

பொய்யனைத் தண்டிக்கலாம், நோயாளிக்கோ மருத்துவம் வேண்டும். எதிர்ப்பவரைச் சாந்தத்தோடு திருத்துக என்கிறது 2 திமொத்தேயு 2:25. தீத்து 1:13 கடிந்துகொள்ளச் சொல்கிறது. ஆயினும், அவர்கள் நம்பிக்கையில் நலமடைவதே அதன் நோக்கமாகக் கூறப்படுகிறது. இவற்றுக்கு மாறாக, இருமுறை அறிவுறுத்தியும் கேளாதவரை விலக்குமாறு தீத்து 3:10 பணிக்கிறது. அரிபிளவைக்கு அறுவையும் தேவைப்படலாம் என்னும் எண்ணம் இதில் தொனிக்கிறது. இம்முரணைத் திருமுகங்கள் தீர்த்துவைக்கவில்லை. பிற்காலத் திருச்சபை வரலாற்றில் அறிவுறுத்தலைவிட விலக்கலே ஓங்கி ஒலித்ததற்கு, மருத்துவ உருவகம் மங்கி மெய், பொய் எதிர்நிலை மேலோங்கியதும் ஒரு காரணமாகலாம்.

இவ்வுருவகத்தை இவ்வளவு கனிவாகப் படிக்கலாமா என்னும் வினாவும் உண்டு. ஆபிரகாம் மால்ஹெர்ப் 1980இல் வெளியிட்ட கட்டுரையில், இச்சொற்களை அக்காலக் கிரேக்க ஒழுக்க மெய்யியலாரின் வழக்கோடு ஒப்பிட்டு, அவற்றின் வசைத்தன்மையை வலியுறுத்தினார். எதிர்த்தரப்பினரை நோயாளிகள் என்பது இழித்துரையும்கூட என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தீத்து 1:13 காட்டும் நோக்கம் வெறும் வசைக்குள் அடங்கவில்லை.

இரு தமிழ் வடிவங்கள்

1995இல் வெளிவந்த திருவிவிலியம் இத்தொடரை ‘நலந்தரும் போதனை’ என மொழிபெயர்த்தது. மூலத்திலுள்ள பெயரெச்ச வடிவம் நலமாய் இருத்தலைக் குறிக்கிறதேயன்றி, நலம் அளித்தலை நேரடியாகக் குறிப்பதன்று. இலக்கண நோக்கில் ‘ஆரோக்கியமான’ என்பதே மூலத்தை ஒட்டியது. கேட்போர் நலமடைய வேண்டும் என்னும் சூழலை ‘நலந்தரும்’ வெளிப்படுத்துகிறது. ஆயினும் இன்று ‘ஆரோக்கியமான உணவு’ எனும்போது தமிழர் உணவின் உடல்நிலையை எண்ணுவதில்லை, உண்பவரின் உடல்நிலையையே எண்ணுகின்றனர். பழைய மொழிபெயர்ப்பின் சொல்லும் வழக்காற்றில் புதிய மொழிபெயர்ப்பின் பொருளுக்கே வந்து சேர்ந்துள்ளது.