அரிப்புக் கடலும் தொட்டிச் சிப்பியும்

மன்னார் மாவட்டத்தின் தென்கரையில், அரிப்புக் கிராமத்தில், கடலலை தின்று மிச்சம் வைத்த டோரிக் மாளிகையைக் கண்டோர் நம்மிற் பலர் இருப்பர். முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்யும் பொருட்டு ஆளுநர் பிரடெரிக் நோர்த் அதனை 1801 முதல் 1804 வரையில் கட்டுவித்தார். அக்கடலின் முத்துச் சிப்பியை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தல் கூடுமா?

மேலைநாட்டார் தம் பவளப்பாறைத் தொட்டிகளில் இராட்சத மட்டியை வளர்க்கின்றனர். அதன் சதையில் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, மட்டிக்கும் பங்கு கொடுக்கின்றன. ஆகவே அதற்கு வேண்டுவன நல்ல விளக்கும், சுண்ணச்சத்துக் குறையாத தூய நீருமே. நமது முத்துச் சிப்பிக்கோ அத்தகைய சமையற்காரர் எவருமிலர். நீரை இடையறாது வடித்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையே அது உண்ணும். தெளிந்த தொட்டிநீர் நம் கண்ணுக்கு அழகு, சிப்பிக்கோ பட்டினி!

நலமுள்ள சிப்பி, தொட்டவுடன் ஓட்டை மூடிக்கொள்ளும். தொட்டும் மூடாது வாய்பிளந்து கிடப்பதை அப்பொழுதே அகற்றிவிட வேண்டும்; ஒன்று அழுகினால் நீர் முழுதும் கெடும். பாறையைப் பற்றியிருக்கும் நார்க்கற்றையைப் பிடித்திழுத்தலும் ஆகாது. அதனை அறுத்தெடுத்தால், சிப்பி புதுநார் விட்டு மீண்டும் பற்றிக்கொள்ளும்.

கடல் மட்டும் சிப்பியைச் செவ்வனே வளர்த்துவிடுகிறதா? 1902இல் இங்கு வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், ஹோர்னெல் என்பாருடன் பார்களை ஆராய்ந்தார். 1880க்குப் பின் பெரிய பாரில் குறைந்தது 11 முறை இளஞ்சிப்பிகள் தாமே வந்து படிந்திருந்தன. ஒரு முறையேனும் சலாபத்திற்கு அவை எஞ்சவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலைப் புரட்டி அவற்றை மூடிவிட்டன. தப்பியவற்றுக்குத் திருக்கையும் கிளாத்தியும் காத்திருந்தன. குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்திடுமாறும், அவை பற்றிக்கொள்ளக் கற்களைப் பரப்புமாறும் அவர் யோசனை கூறினார். 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த மயக்கத்தில் 1906இல் ஓர் ஆங்கிலக் கம்பெனி 20 ஆண்டுக் குத்தகை பிடித்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன் கம்பெனியும் கலைந்தது.

எதிர்க்கரையான தூத்துக்குடிப் பக்கத்திலோ கதை வேறு. அங்கே வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973இல் வளர்ப்பு முத்தை விளைவித்தார். 1981இல் தூத்துக்குடியில் சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரித்து வளர்த்தனர். அக்குஞ்சுகள் ஏறத்தாழ மூன்று வாரம் நீந்தித் திரிந்த பின்னரே ஓரிடத்தில் பற்றும். அதுவரை நாள்தோறும் அவற்றுக்கு நுண்பாசி ஊட்ட வேண்டும். ஆதலின் சிப்பித் தொட்டிக்குப் பக்கத்திலேயே பாசிக் குடுவைகளும் இருந்தன. வீட்டில் சிப்பி வளர்க்க விழையும் மாணவர், முதலில் அந்தப் பாசியை வளர்க்கப் பழகுவாராக.