கவிதையின் பொருள் யார் கையில்? – அமெரிக்கத் திறனாய்வு வளர்ந்த கதை

1971ஆம் ஆண்டுக் கோடைக்காலம். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரிலுள்ள பல்கலைக்கழகம். ஸ்டான்லி ஃபிஷ் என்னும் பேராசிரியர் ஒரே அறையில் அடுத்தடுத்து இரண்டு வகுப்புகள் நடத்தி வந்தார். ஒன்று மொழியியலும் திறனாய்வும் பற்றியது. மற்றது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதை பற்றியது. ஒருநாள் முதல் வகுப்பினர் படித்து வரவேண்டிய ஆசிரியர்களின் பெயர்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போட்டார். ஜேக்கப்ஸ்–ரோசன்பாம், லெவின், தோர்ன், ஹேஸ், ஓமன். கடைசிப் பெயரின் எழுத்துக் கூட்டு ஐயமாக இருந்ததால் அதனருகே ஒரு கேள்விக்குறியும் இட்டார்.

அடுத்த வகுப்பார் வருமுன் அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. பெயர்களைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, மேலே “பக்கம் 43” என்று எழுதினார். உள்ளே வந்த மாணவரிடம், இதுவும் நீங்கள் பயின்று வரும் வகையைச் சேர்ந்த ஒரு சமயக் கவிதைதான், பொருள் கூறுங்கள் என்றார்.

மாணவர் சிறிதும் தயங்கினாரில்லை. ‘ஜேக்கப்ஸ்’ என்பது யாக்கோபு கனவில் கண்ட, விண்ணை எட்டும் ஏணியாயிற்று. ‘ரோசன்பாம்’ என்றால் ஜெர்மன் மொழியில் ரோஜா மரம். ஆகவே அது கன்னி மரியன்னை. (நம் மன்றாட்டுமாலையிலும் தேவ அன்னையை ரோஜா மலரென்று அழைக்கிறோமல்லவா?) ‘லெவின்’ லேவியர் குலமாயிற்று. ‘தோர்ன்’ என்பது முள் என்னும் ஆங்கிலச் சொல்லை ஒத்திருந்ததால் ஆண்டவரின் முள்முடி ஆயிற்று. வரிகள் அமைந்த வடிவத்தைச் சிலுவை என்றனர் சிலர்; பீடம் என்றனர் வேறு சிலர்.

சிரிப்பு வருகிறதா, மாணவியரே? ஃபிஷ் இதனைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. 1980இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை விவரித்து, கவிதையின் பொருள் எழுத்துக்குள் புதைந்து கிடப்பதன்று. ஒரே முறையில் படிக்கப் பழகிய வாசகர் கூட்டமே அதை உண்டாக்குகிறது என்று வாதிட்டார். அமெரிக்கத் திறனாய்வு இந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழி நீண்டது. அது தொடங்கிய இடத்தில் இதற்கு நேர்மாறான கொள்கையே கொடிகட்டிப் பறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இலக்கியப் படிப்பு என்றால் பெரும்பாலும் புலவர் வரலாறும் சொல் வரலாறுமே. கவிஞர் எங்கே பிறந்தார், யாரிடமிருந்து கருத்தைப் பெற்றார் என்று ஆராய்வதிலேயே பொழுது போய்விடும். கவிதை வாசலிலேயே காத்துக் கிடக்கும். இதனை மாற்ற எழுந்தவர்களில் பலர் தெற்கு மாநிலத்தார். டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1922 முதல் 1925 வரை ஒரு சிறு கவிதை இதழ் நடந்தது. அதில் எழுதிய ஜான் க்ரோ ரான்சம், ஆலன் டேட், ராபர்ட் பென் வாரன் ஆகியோரே பின்னர் திறனாய்வையும் திருப்பிவிட்டனர். வாரனும் க்ளீந்த் புரூக்ஸும் சேர்ந்து, கவிதையைப் புரிந்துகொள்ளும் வழியைக் காட்டும் ஒரு பாடநூலை 1938இல் வெளியிட்டனர். 1941இல் ரான்சம் எழுதிய நூலின் தலைப்பே இயக்கத்தின் பெயராகி நிலைத்தது: ‘புதுத் திறனாய்வு’.

இவர்கள் சொன்னது என்ன? கவிதையின் சொல்லைப் பார். ஒரு சொல் இன்னொன்றோடு இழையும் இடத்தையும் முரணும் இடத்தையும் பார். வேறெங்கும் போகாதே என்பதே. விம்சாட், பியர்ட்ஸ்லி என்னும் இருவர் இதற்கு வேலியும் கட்டினர். ஆசிரியர் என்ன நினைத்து எழுதினார் என்று தேடுவது பிழை என்றது 1946இல் வெளிவந்த அவர்களது கட்டுரை. படிப்பவர் உள்ளத்தில் என்ன உணர்ச்சி எழுந்தது என்று பார்ப்பதும் பிழையே என்றது 1949இல் வந்த மற்றொன்று. எழுதியவருக்கும் கதவடைப்பு, படிப்பவருக்கும் கதவடைப்பு!

இக்கொள்கையை இன்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்று இருக்கிறது. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் கல்வி பெற அரசே பணம் தரவேண்டும் என்று 1944இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன் பயனாக ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரி வாசலை மிதித்தனர். அவர்களுள் பலருக்கு லத்தீனும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. வீட்டில் நூலகம் வைத்து வளர்ந்தவர்களும் அல்லர். ஆனால் ஒரு தாளில் ஒரு கவிதையை அச்சிட்டுக் கொடுத்தால், அன்றைக்கே ஆராயத் தொடங்கலாம். அந்த ஒற்றைத் தாளின் முன் செல்வர் மகனும் உழவர் மகனும் சமமே. இதனை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

குறை வேறிடத்தில் இருந்தது. எல்லாருக்கும் பொதுவான ‘வாசகர்’ என்று ஒருவரை வைத்துப் பேசினார்களே, அவர் யார்? ஜூடித் ஃபெட்டர்லி என்னும் பெண்மணி 1978இல் எழுதிய நூலில் இதைத்தான் கேட்டார். அமெரிக்கக் கதைகள் பலவும் பெண்ணை ஆணின் கண்ணால் படிக்கச் சொல்லுகின்றன. தனக்கு எதிராகத் தானே சேர்ந்துகொள்ளச் சொல்லுகின்றன என்பது அவர் வாதம்.

‘ஜேன் அயர்’ நாவலை உங்களிற் பலர் சுருக்கப் பதிப்பிலாவது படித்திருக்கக்கூடும். 1847இல் சார்லட் பிராண்ட்டி, கரர் பெல் என்னும் புனைபெயரில் வெளியிட்டது அது. தாய் தந்தையற்ற ஜேன், விடுதிப் பள்ளியில் தீய்ந்த கஞ்சியைக் குடிக்க முடியாமல் தவிக்கும் இடம் விடுதி மாணவியருக்கு மறக்காது. பிற்பகுதியில், ஜேன் வேலை பார்க்கும் மாளிகையின் மேல்மாடியில் ஒரு பைத்தியக்காரப் பெண் அடைபட்டிருக்கிறாள். பெயர் பெர்த்தா; வீட்டுத் தலைவரின் மனைவி. கதையில் அவள் அச்சமூட்டுவதற்கு மட்டுமே வருபவள்போலத் தோன்றுவாள். சாண்ட்ரா கில்பர்ட், சூசன் குபார் என்னும் இரு பேராசிரியைகள் 1979இல் எழுதிய பெரிய நூலில் அவளை நடு மேடைக்குக் கொண்டுவந்தனர். அடக்கமாக வாழப் பழக்கப்பட்ட ஜேனின் உள்ளே அடக்கி வைத்த சினமே மாடியில் உலவுகிறது என்றனர்.

அத்துடன் முடிந்ததா? இல்லை. 1942இல் கல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியையான காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக், 1985இல் அதே நாவலை எடுத்துக்கொண்டு அடுத்த வினாவைக் கேட்டார். பெர்த்தா ஜமைக்காத் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவளாயிற்றே! ஆங்கிலப் பெண் கதாநாயகியாக உயர்வதற்கு அத்தீவுப் பெண் வீட்டைக் கொளுத்திவிட்டுக் கூரையிலிருந்து விழுந்து சாகத்தான் வேண்டுமா? இன்னொன்று: அந்த நாவலின் கடைசிப் பகுதி இந்தியாவில் பணியாற்றும் ஆங்கிலப் போதகர் ஒருவரைப் பற்றியது. கதையை விரைந்து படிக்கும் நமக்கே அது நினைவில் நிற்பதில்லை.

ஸ்பிவாக்கின் ஆசிரியர் பால் டி மான். அவர் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1966இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டுக்குப் பிரான்சிலிருந்து வந்த ஜாக் தெரிதா, எந்த நூலும் தன் பொருளை இறுதிவரை கட்டிக் காக்க இயலாது என்னும் நோக்கை அமெரிக்காவில் விதைத்தார். இதனைக் ‘கட்டவிழ்ப்பு’ என்பர். அது ஏல் பல்கலைக்கழகத்தில் டி மான் கையில் தழைத்தது. 1983இல் பெரும் மதிப்போடு அவர் மறைந்தார். 1987இலோ, ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்திருந்த காலத்தில் இளைஞர் டி மான் அங்குள்ள நாளிதழ்களில் எழுதியவை வெளிச்சத்துக்கு வந்தன. 1941இல் எழுதிய ஒன்று யூதருக்கு எதிரானது. ஆசிரியரின் வாழ்க்கை நூலுக்குத் திறவுகோல் ஆகாது என்று கற்பித்தவர்கள், தங்கள் ஆசிரியரின் வாழ்க்கையைப் பற்றியே கட்டுரை மேல் கட்டுரையாக எழுத நேர்ந்தது. அவர் கொள்கை முழுவதும் பொய் என்பதற்கு இது சான்றாகாது என்பதே என் கருத்து. ஆனால் 1946இல் சாத்திய கதவு அன்று தானே திறந்துகொண்டது.

நிற்க. 1938ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டேன். வாரனும் புரூக்ஸும் பாடநூல் வெளியிட்ட அதே ஆண்டில், லூயிஸ் ரோசன்பிளாட் என்னும் ஆசிரியையும் ஒரு நூல் வெளியிட்டார். தாளில் இருப்பது வெறும் அச்செழுத்து. ஒருவர் தம் வாழ்வோடு வந்து அதைப் படிக்கும்போதே கவிதை பிறக்கிறது. ஆனாலும் எழுத்து இடம் தராததை அவர் ஏற்றிச் சொல்லலாகாது என்று இரு பக்கத்துக்கும் நியாயம் சொன்ன நூல் அது. பள்ளி ஆசிரியர்கள் அதைப் போற்றிப் படித்தனர். பல்கலைக்கழகத் திறனாய்வாளர்களோ, ஃபிஷ் போன்றோர் வாசகரைப் பற்றிப் பேசத் தொடங்கும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. 1995இல் அதன் ஐந்தாம் பதிப்பு வந்தபோது ரோசன்பிளாட் தொண்ணூறு வயதைக் கடந்திருந்தார். அதன் பிறகும் பத்தாண்டுகள் வாழ்ந்து, 2005இல் தம் நூறாவது வயதில் மறைந்தார்.