உறுதியும் உறுதிப்பாடும்

தமிழகத்தார் ‘பத்திரம்’ என வழங்குவதை ஈழத்தவராகிய நாம் ‘உறுதி’ என்கின்றோம். காணியொன்று இன்னார்க்குரியதென எழுதி முடித்த ஆவணத்துக்கு இதனிலும் சிறந்த பெயர் வேறில்லை. ஆயினும், உறுதி எனப் பெயர் பெற்ற யாவும் உறுதியுடையன அல்ல. முதன்முதலாகக் காணியில் பணமிடப் புகும் நம் பழைய மாணவர்க்கு இவ்வேறுபாடே முதற்பாடம்.

தமிழாசிரியனுக்குக் காணியில் என்ன அலுவல் என்று கேட்கலாம். பழைய உறுதிகளின் நடை விளங்காதோர் அவற்றை வாசிப்பித்துக்கொள்ள என்னிடம் கொண்டுவருவதுண்டு. ஒல்லாந்தர் தந்த நொத்தாரிசும், போர்த்துக்கேயர் தந்த தோம்பும், ஆங்கிலேயர் தந்த அற்றோணியும் அவற்றிலே நம்மவர்போலக் குடியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், மனைவியின் நகையை விற்ற பணத்தோடு தலைமன்னார் வீதியோரக் காணியொன்றுக்கு முற்பணம் கொடுக்கப் புறப்பட்ட மாணவர் ஒருவர், வழியில் அதன் உறுதியை என்னிடம் காட்டினார். விற்பவர் காட்டியது வேலியடைத்த முழுக்காணி. உறுதியில் இருந்ததோ பிரிக்கப்படாத ஆறிலொரு பங்கு. முற்பணம் அன்று கைமாறவில்லை.

பங்குக்காணி வாங்குதல் குற்றமன்று. ஆனால் பங்காளிகள் யாவரும் இணங்கிப் பிரிவினை உறுதி முடித்தாலன்றி, அல்லது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் பிரித்தாலன்றி, இந்த மூலை எனதென்று எவரும் கைகாட்ட இயலாது. தேசவழமை சாரும் காணியாயின், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி உடன்பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. அவருக்கு முறைப்படி அறிவியாது வாங்கியவர் பின்னர் வழக்காட நேரும்.

நொத்தாரிசு முடித்தாரே, இனி என்ன ஐயம் என்பார் பலர். காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுத்தில் முடிதல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. ஆயினும் அவர் அத்தாட்சிப்படுத்துவது கையொப்பத்தை, விற்றவரின் உரிமையையன்று. காணிப் பதிவகமும் பொதுவாக உறுதியைப் பதிகின்றதேயன்றி உரிமைக்குப் பிணை நிற்பதில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரித்துப் பதிவு நடந்த காணிகள் இதற்கு விலக்கு. ஆகவே பதிவேட்டை முப்பது ஆண்டுகளேனும் பின்னோக்கிப் பார்த்து, ஈடு, ஒற்றி, வழக்கு யாதும் உளதோ எனத் தேடுதல் வேண்டும். உறுதியை முடித்தபின் பெட்டியில் வைத்துப் பூட்டுவோரும் உளர். அவர் பதியாதிருக்க, அதே காணியைப் பின்னர் விலைகொடுத்து வாங்கிய வேறொருவர் முந்திப் பதிந்தால், வஞ்சனையில்லாதவிடத்து அவர் உரிமையே மேலோங்கும். வெளிநாட்டிலிருப்பவரின் அற்றோணி விற்கிறாராயின், தத்துவம் கொடுத்தவர் உயிரோடிருக்கின்றாரா என்பதையும் விசாரிக்க. அவர் மறைவோடு அத்தத்துவமும் முடிந்துவிடும்.

பெருநிலப்பரப்பிற் சில காணிகள் அரைவிலைக்குக் கிடைப்பதுண்டு. பெரும்பாலும் அவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட பேர்மிற்றுக் காணிகளாகவோ அளிப்புக் காணிகளாகவோ இருக்கும். பிரதேச செயலாளரின் முன்னெழுத்து இணக்கமின்றி அவற்றைக் கைமாற்றினால் அது செல்லாது. வெள்ளைக் கடதாசியில் எழுதி வாங்கியவர் வாங்கியது கடதாசியையே.

மன்னாரிலே இவையெல்லாவற்றிலும் கடினமானது ஒன்றுண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கினின்று முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி முதலிய ஊர்கள் வெறிச்சோடின. தமிழர் பலரும் படகேறி மண்டபம் முகாமுக்குச் சென்றனர். ஆளற்ற காணிகளிற் பிறர் இருந்தனர். சிலர் போக்கிடமின்றி, சிலர் பேராசையால். பத்தாண்டு இடையூறின்றி ஆண்டால் உரிமை என்னும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி அவற்றை விற்றோரும் உளர். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவின் செயலால் தம் உரிமையை நாட இயலாது போனோர்க்கு, அக்காலத்தைக் கணக்கினின்று விலக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அரச காணிக்கெதிராகவோ அப்பத்தாண்டு விதி செல்லவே செல்லாது. ஆதலால் வெறும் ஆட்சியை மட்டும் காட்டி விற்பவரிடம், முன்னர் இங்கிருந்தவர் யார், இப்போது எங்கேயென்று கேளுங்கள். அயலாரிடமும் கேளுங்கள். விடை தெளிவில்லையேல், எவ்வளவு மலிவாயினும் நான் வாங்கேன்; அது பிறர் கண்ணீர் காயாத மண்.

கடற்கரைக் காணிக்கு விலை ஏறுகின்றது. உயர்நீர் மட்டத்தினின்று கரைப்புறம் 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லையாதலால், அங்கே கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும்.

நிற்க. மன்னார்த் தீவின் மணலடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பது. ஆழத் தோண்டினாலும் மிகுதியாக இறைத்தாலும் உவர் மேலெழும். எவ்வுறுதியிலும் இஃது எழுதப்படுவதில்லை.

அம்மாணவர் பின்னர்ப் பேசாலைப் பக்கம் இருபது பேர்ச்சில் ஒரு சிறுகாணி வாங்கினார். பதிவேடு பார்த்து, நில அளவையாளரைக்கொண்டு கல் நாட்டி, முறையாகப் பதிந்தார். கிணற்று நீரையும் இருவரும் குடித்துப் பார்த்தோம், இனிமையாகவே இருந்தது. ஆனால் நாம் குடித்தது மாரி ஓய்ந்த தை மாதம். ஆவணியில் அவர் ஒரு போத்தலில் நிறைத்து என்னிடம் கொண்டுவந்தார், நன்றாகக் கரித்தது.