மண் தடத்தில் திரும்ப மறுத்த கார்

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலர் முதலில் பதிவது கார் பந்தய விளையாட்டைத்தான். நானும் அப்படித்தான். விண்டோஸில் இயங்கும் 'ஐரேசிங்' என்ற சிமுலேட்டருக்குச் சந்தா கட்டினேன். இதில் 2017-ல் மண் தடங்களும் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1954-ல் அமைக்கப்பட்ட, அரை மைல் நீளமுள்ள எல்டோரா தடம் அவற்றில் ஒன்று.

அங்கே எல்லா வளைவுகளும் இடப்பக்கம்தான். ஆனால் நான் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் என் கார் திரும்பாமல் நேராக வெளிச்சுவரை நோக்கிப் போகும். ஒருநாள் இணையப் போட்டியில், பக்கத்தில் வந்தவரையும் சுவரில் தள்ளிவிட்டேன். பாவம், முன்னணியில் இருந்தவர் அவர்! அன்றுதான் 'கராஜ்' திரையைத் திறந்து பார்த்தேன்.

விஷயம் இதுதான். வளைவுக்குள் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரை விடுகிறோம். காரின் சுமை முன்பக்கமும் வலப்பக்கமும் சாய்கிறது. வலது முன் ஸ்பிரிங் மிகவும் விறைப்பாக இருந்தால், இரு முன் டயர்களும் பகிர வேண்டிய சுமையில் பெரும்பங்கு வலது டயர்மேல் விழும். அதன் பிடி தீர்ந்து, மூக்கு திரும்பாது. இதை 'டைட்' என்கிறார்கள். பின்பக்கம் அளவுக்கு மீறி வழுக்கிச் சுற்றினால் 'லூஸ்'.

ஸ்பிரிங்கின் விறைப்பை எண்ணால் குறிக்கிறார்கள். 400 என்றால், 400 பவுண்ட் (சுமார் 181 கிலோ) சுமைக்கு அது ஓர் அங்குலம் அமுங்கும்.

உற்சாகத்தில் வலது முன் ஸ்பிரிங்கை ஒரேயடியாக 50 பவுண்ட் குறைத்தேன். கார் பம்பரமாகச் சுற்றியது! மெதுவான ஸ்பிரிங் அதிகம் அமுங்கியதால் காரின் அந்த மூலை தாழ்ந்து, நான்கு சக்கரங்களின் சுமைப் பங்கீடும் மாறியிருந்தது. ஒரு மாற்றம் செய்ததாக நினைத்தேன். உண்மையில் செய்தது இரண்டு. அலுவலகத்தில் புரோகிராமில் பிழை தேடும்போதும் இதே தவறைச் செய்து விழித்திருக்கிறேன்.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள்:

1. முதலில் பழைய செட்டப்பை வேறு பெயரில் சேமியுங்கள்.

2. வலது முன் ஸ்பிரிங்கை மட்டும் 25 பவுண்ட் குறையுங்கள்.

3. ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தின் அளவை மாற்றி, அந்த மூலையின் உயரத்தையும் குறுக்குச் சுமை சதவீதத்தையும் பழைய எண்ணுக்குக் கொண்டு வாருங்கள்.

4. தனியாகப் பத்துச் சுற்று ஓட்டி, நேரங்களைக் குறித்து வையுங்கள். மண் காயக் காயப் பிடிமானம் மாறும். எனவே ஒவ்வொரு சோதனையையும் ஒரே தட நிலையில் தொடங்குங்கள்.

5. மூக்கு இன்னும் திரும்பவில்லையா? மீண்டும் 25 குறையுங்கள். கார் சுற்றுகிறதா? ஒரு படி பின்வாங்குங்கள்.

சில போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே செட்டப்தான். அங்கே ஸ்பிரிங்கை மாற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது 25-லேயே என் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. அடுத்த போட்டியில் ஏழாவதாகத்தான் வந்தேன். ஆனால் யாரையும் சுவரில் தள்ளவில்லை!