சூப்பர்சார்ஜரில் ஆரம்பித்தால் அலுமினியத்தில்தான் போய் நிற்கும்

பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினில் ஒரு சூப்பர்சார்ஜர் மாட்ட வேண்டும் என்ற ஆசை நம்மூரில் நிறைய பேருக்கு உண்டு. வீடியோவில் பார்த்தால் இரண்டு வார இறுதியில் முடிகிற வேலை மாதிரி இருக்கும். பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதி வேலை அலுமினியத்தைப் பற்றவைப்பதில் இருக்கிறது என்று தெரிகிறது. சென்னையில் செய்தால் அது இன்னும் கூடும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காற்றும் சூடும்

1300 சிசி எஞ்சின் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 650 சிசி காற்றை இழுக்கும் (நான்கு ஸ்ட்ரோக் என்பதால் பாதி). 2000களில் வந்த மினி கூப்பர் எஸ் காரில் இருந்த ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், ஒரு சுற்றுக்கு சுமார் 737 சிசி காற்றைத் தள்ளும். அதை எஞ்சினைவிட வேகமாகச் சுற்ற விட்டால், எஞ்சின் விழுங்க முடியாத காற்று குழாயில் நெருக்கியடித்து அழுத்தமாக மாறும். எவ்வளவு அழுத்தம் என்பதை பெல்ட் ஓடும் புல்லியின் அளவு தீர்மானிக்கிறது. இந்த வகை ஊதியை 1860ல் அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் பேடன்ட் செய்தார்கள். உலைக்கும் சுரங்கத்துக்கும் காற்று ஊதின சாமான்தான் பிறகு காருக்கு வந்தது.

காற்றை நெருக்கினால் சுடும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். மே மாதம், வெளியே 38 டிகிரி. 0.5 பார் அழுத்தம் ஏற்றுகிறோம். சூப்பர்சார்ஜரின் திறன் 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று சுமார் 108 டிகிரி! சூடான காற்று விரிந்து கிடக்கும். அதனால் அழுத்தம் 50 சதவீதம் கூடினாலும், உள்ளே போகிற காற்றின் எடை 22 சதவீதம்தான் கூடுகிறது. போதாததற்கு, சூடான காற்றால் எஞ்சின் 'நாக்' அடிக்கும். பிஸ்டனை உடைக்கிற சத்தம் அது.

அதே காற்றை இன்டர்கூலர் வழியாக விட்டு 58 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில் 40 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கும். ஆக, ஊட்டியில் வேண்டுமானால் இன்டர்கூலரைத் தள்ளிப்போடலாம், அடையாறில் முடியாது.

இன்டர்கூலர் அலுமினியம். எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டும் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. நடுவில் வரும் குழாயை இரும்பில் செய்து ரப்பர் ஹோஸ் போட்டு இணைக்கலாம்தான். ஆனால் சூப்பர்சார்ஜரை மேனிஃபோல்டில் உட்கார வைக்கும் ஃபிளாஞ்ச், இன்டர்கூலரின் இரு முனைத் தொட்டிகள் இவற்றில் கை வைக்காமல் எந்த இந்தியக் காரிலும் இதைப் பொருத்த முடியாது. இப்படித்தான் மெக்கானிக் வேலையாக ஆரம்பிப்பது வெல்டிங் வேலையாக மாறுகிறது.

கைப்பிடிக்கு ஏன் ரிவெட்?

வீட்டில் பழைய அலுமினியப் பாத்திரம் இருந்தால் கைப்பிடியைப் பாருங்கள். ரிவெட் அடித்திருக்கும். இந்தப் பாத்திரங்களுக்கும் சென்னைக்கும் பழைய உறவு. 1898ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன், எழும்பூர் பக்கம் இருந்த மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். பித்தளை, செம்பு அடித்தே பழகிய கைகளுக்குப் புது வேலை கொடுப்பது நோக்கம். தகட்டை அடித்து, அழுத்தி உருவம் கொண்டுவரலாம். ஒட்டவைப்பதுதான் கஷ்டம்.

காரணம், அலுமினியத்தின் மேல்தோல். காற்று பட்ட உடனே மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். உள்ளே இருக்கும் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலே இருக்கும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். பாலாடைக்கு அடியில் பால் கொதிக்கிற மாதிரி, உள்ளே உருகிய உலோகம் தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு துண்டுகளும் ஒன்று சேராது.

இன்னொரு சிக்கல், அலுமினியம் சிவக்காது. இரும்பு சிவந்து, மஞ்சளாகி, "நான் உருகப் போறேன்"னு சொல்லிவிட்டுத்தான் உருகும். அலுமினியம் வெள்ளையாகவே இருந்து திடீரென்று தொப்பென்று விழும். கேட், கிரில் வெல்டிங்கில் கை தேர்ந்தவரும் இதில் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆர்கான் வெல்டிங்

இதற்குத் தீர்வு 1940களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் நார்த்ராப் விமான கம்பெனியில் இருந்த ரஸ்ஸல் மெரிடித்திடமிருந்து வந்தது. விமானத்துக்கான மெக்னீசியத்தைப் பற்றவைக்க, டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியம் வாயுவை ஓடவிட்டார். அதன் இன்றைய வடிவம் டிக் வெல்டிங். நம்ம ஊர் போர்டுகளில் "ஆர்கான் வெல்டிங்".

அலுமினியத்துக்கு ஏசி மின்னோட்டம் வேண்டும். ஒரு பாதி அலை வேலைத்துண்டுக்குச் சூடு கொடுக்கும். மறு பாதி மேல்தோலை உடைத்துச் சுத்தம் செய்யும். எந்தப் பாதிக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் மெஷினில் 'பேலன்ஸ்' என்று எழுதியிருக்கும் குமிழ். விலை குறைந்த டிக் மெஷின்கள் பல டிசி மட்டும்தான் தரும். எவர்சில்வருக்கு அது போதும், அலுமினியத்துக்கு உதவாது. வாங்கும் முன் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

கரண்ட் பற்றிய பயம் அவ்வளவு வேண்டியதில்லை. மில்லிமீட்டருக்கு சுமார் 40 ஆம்பியர் என்பது தோராயக் கணக்கு. 2 மிமீ குழாய்க்கு 80 ஆம்பியர், அதாவது ஒரு வீட்டு ஏசி இழுக்கும் அளவு மின்சாரம். தடித்த ஃபிளாஞ்சுக்கு இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு தேவைப்படும். அப்போது வீட்டு இணைப்பின் அனுமதி லோடைப் பார்க்க வேண்டும்.

கடற்கரை ஊர்ச் சிக்கல்

உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறைய கரைத்துக்கொள்ளும், உறையும்போது வெளியே துப்பும். அது குமிழியாக உள்ளே மாட்டினால் வெல்டு தேன்கூடு மாதிரி ஆகிவிடும். ஹைட்ரஜன் வருவது பெரும்பாலும் ஈரத்திலிருந்தும் எண்ணெயிலிருந்தும். ஐப்பசி, கார்த்திகை மாத மயிலாப்பூரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஃபில்லர் கம்பிகளை மூடிய டப்பாவில் வைப்பது, அசிட்டோனால் துடைப்பது, அலுமினியத்துக்கென்றே தனி எவர்சில்வர் பிரஷ் வைத்துத் தேய்த்த கையோடு பற்றவைப்பது — இவை மூன்றும் கைத்திறமைக்கு முன்னால் வர வேண்டியவை.

பாதுகாப்பில் மூன்று விஷயம். ஆர்க் வெளிச்சம் கண்ணையும் தோலையும் சுடும், அது பக்கத்து பிளாட் பால்கனிக்கும் போகும், அதனால் மறைப்பு அவசியம். ஆர்கான் காற்றைவிடக் கனம், மூடிய அறையில் தரையோடு தேங்கி மூச்சை நிறுத்தும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு ஆர்க் அடித்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும், அதைத் தொடவே கூடாது.

குழாய் தயாரானதும் இரு முனையையும் அடைத்து, சைக்கிள் பம்பால் 1 பார் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நாம் ஓட்டப்போகும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு அது. உள்பக்கத் துணுக்குகளைக் கழுவி எடுக்காமல் மாட்டாதீர்கள், அவை நேரே சிலிண்டருக்குத்தான் போகும்.

எங்கே ஓட்டுவது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, சூப்பர்சார்ஜர் மாட்டிய வண்டி ரோட்டுக்கில்லை, டிராக்குக்குத்தான்.

அதில் குறைந்து போக ஒன்றுமில்லை. சோழவரத்தின் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் ரேஸ் நடந்த ஊர் இது. பிறகு இருங்காட்டுக்கோட்டை வந்தது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டிக் காட்டினார். இன்று செட்டிப்பாளையம் டிராக் அவர் பெயரில் இருக்கிறது.

செலவு வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நல்ல ஹெல்மெட், பிறகு ஏசி வசதியுள்ள மெஷின், ஆர்கான் சிலிண்டர், பழைய இரும்புக் கடையிலிருந்து சில கிலோ அலுமினியத் துண்டுகள். 3 மிமீ தகட்டில் ஃபில்லர் இல்லாமல் நேர்கோடு, பிறகு ஃபில்லரோடு, பிறகு இரண்டு தகட்டை ஒட்டி, கடைசியில் குழாய். ஒவ்வொன்றையும் குறுக்கே அறுத்து உள்ளே பாருங்கள். அறுத்த இடத்தில் குமிழி இல்லாமல் தொடர்ந்து பத்து துண்டு வந்தபிறகு, சூப்பர்சார்ஜர் விசாரிக்கப் புதுப்பேட்டை பக்கம் போகலாம்.