உதவும் கையை மேற்பார்ப்பது யார்?

பிறர் உதவியின்றிப் படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு மனிதரை எண்ணிப் பார்ப்போம். பல் துலக்குவதும், ஸ்நானம் செய்வதும், உடுத்துவதும், மலஜலம் கழிப்பதும், ஒரு கவளம் சோற்றை வாய்க்குக் கொண்டு போவதும் அவருக்கு இன்னொருவர் கையால்தான் நடந்தாக வேண்டும். அந்தக் கை தாயினுடையதாக இருக்கலாம், மனைவியினுடையதாக இருக்கலாம், மாதச் சம்பளத்துக்கு அமர்த்திய ஆளினுடையதாகவும் இருக்கலாம். எதுவாயினும், இன்று அந்தக் கை முரட்டுத்தனமாக நடந்துகொண்டால் நாளைக்கும் அதையேதான் அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ரேஷன் கடையில் எடை குறைந்தால் நாலு பேர் அறியக் கூச்சலிடலாம். ஆஸ்பத்திரியில் கவனிப்பு இல்லையென்றால் பத்திரிகைக்கு எழுதலாம். கதவு சாத்திய அறைக்குள் நடப்பதற்குச் சாட்சி கிடையாது. புகார் செய்துவிட்டாலோ, மறுநாள் காலையில் தூக்கி உட்கார வைக்க ஆள் கிடையாது. இத்தகைய உதவியைச் சர்க்கார் எவ்வாறு மேற்பார்வை செய்வது என்பது மற்ற இலாகாக்களின் தணிக்கையைப் போன்ற விஷயமன்று.

மேற்பார்வை அறவே இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி கண்டது. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகை விடியற்காலையில் தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். லைசென்ஸ் இன்றி இத்தகைய இடங்களை நடத்தலாகாது என்று 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் அப்போதே விதித்திருந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை, அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குள் நுழைந்து பார்க்க ஓர் உத்தியோகஸ்தருக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. தீ அணைந்த ஒரு வாரத்துக்குள் அவ்வூரிலிருந்த விடுதிகள் மூடப்பட்டன. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் வெளிப்படையாகத் தடுத்தது. ஊனமுற்றோருக்கான விடுதிகள் யாவும் பதிவு பெற்றே நடக்க வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது.

பதிவும் இன்ஸ்பெக்டரும் இருந்துவிட்டால் போதுமா? இங்கிலாந்தில் இரண்டும் இருந்தன. பிரிஸ்டல் நகருக்கு அருகே, புத்தி வளர்ச்சி குன்றியவர்களுக்கான விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் ஆஸ்பத்திரியில் ஓர் ஆளுக்கு வாரத்துக்குச் சுமார் 3,500 பவுன் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டு வந்தது. அங்கே நோயாளிகளை அடிப்பதையும் வதைப்பதையும் கண்ட நர்ஸ் ஒருவர் மேற்பார்வைக் கமிஷனுக்கு எழுதினார். கமிஷன் அசையவில்லை. பி.பி.ஸி. நிறுவனம் தன் ஆள் ஒருவரைச் சிப்பந்தியைப் போல உள்ளே அனுப்பிப் படம் பிடித்து, 2011 மே மாதத்தில் ஒளிபரப்பிய பிறகே உலகம் விழித்தது. 11 பேர் குற்றவாளிகளாகி, அவர்களில் 6 பேர் சிறை சென்றனர். செல்வமும் நிர்வாகத் திறமையும் மிகுந்த தேசத்திலேயே இந்தக் கதியென்றால், இரண்டு ஆண்டுக்கொருமுறை ரிஜிஸ்தரைப் புரட்டிக் கையெழுத்திட்டு வருவதை நாம் மேற்பார்வையென்று நம்பிக்கொண்டிருக்கலாகாது. ரிஜிஸ்தரில் எல்லாம் எப்போதும் சரியாகவே இருக்கும்.

இனி, விடுதிகளை விட்டு வீடுகளுக்கு வருவோம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். இவர்களுள் அன்றாட வேலைகளுக்குப் பிறர் கையை நாடுவோரில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலேயே, பெண்களின் பராமரிப்பிலேயே இருக்கிறார்கள் என்பதை யாவரும் அறிவர். இவர்களுக்காக 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 38-வது பிரிவு இருக்கிறது. மிகுந்த உதவி தேவைப்படுகிறவர் சர்க்கார் நியமித்த அதிகாரிக்கு மனுச் செய்யலாம். ஒரு மதிப்பீட்டு போர்டு அவருடைய தேவையை ஆராய்ந்து அறிக்கை தரும். அதன்படி உதவி அளிக்கப்படும். படிக்கும்போது மனம் குளிர்கிறது. ஆனால் கடைசி உபபிரிவிலே, சர்க்காரின் திட்டங்களுக்கும் உத்தரவுகளுக்கும் உட்பட்டு, என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். உதவியாளருக்கான அலவன்ஸைப் பற்றிப் பேசும் 24-வது பிரிவிலோ, சர்க்காரின் பொருளாதார சக்திக்கு இயன்ற அளவில், என்று மற்றொரு வார்த்தை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்ளும் இந்த வித்தையை நம் சட்டங்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இயன்ற அளவு என்பது எவ்வளவு என்றும் பார்க்கலாம். கேரளத்தில் படுத்த படுக்கையாய்க் கிடப்போரைக் கவனிப்பவர்களுக்கென்று 'ஆசுவாசகிரணம்' என்ற அழகான பெயரில் ஏற்பட்ட திட்டத்தில் மாதம் 600 ரூபாய் வகுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 20 ரூபாய். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித் தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் 2,000 ரூபாய்க்கு ஓர் ஆளை மாதம் முழுவதும் அமர்த்திக்கொள்ள எந்த ஊரில் முடியும்? கூலி கொடுக்கும் சக்தியற்ற மனிதர், கிடைத்த கையைச் சகித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியற்றவராகிறார். போதிய பணமின்றி மேற்பார்வையைப் பற்றி மட்டும் பேசுவது வீண்.

பணத்தைக் கொடுத்தாலும், எதை மேற்பார்ப்பது என்ற கேள்வி நிற்கிறது. அமெரிக்காவில் கடிகாரத்தை மேற்பார்க்கிறார்கள். 2016 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, அங்கே சர்க்கார் செலவில் வீட்டுக்கு வரும் உதவியாளர் இன்னார், உதவி பெறுபவர் இன்னார், என்ன வேலை, எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்ற ஆறு விவரங்களும் மின்னணுச் சாதனத்தில் பதிவாக வேண்டும். வராத வேலைக்குச் சம்பளம் எழுதும் மோசடியைத் தடுப்பதே நோக்கம். நோக்கத்தில் தவறில்லை. ஆனால் எங்கே இருக்கிறோம் என்பதை யந்திரம் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பது, குற்றவாளியின் காலில் பூட்டும் வளையத்தைப் போன்றது என்று அந்நாட்டு ஊனமுற்றோரே ஆட்சேபித்தார்கள். மேலும், 7 மணிக்கு வந்து 9 மணிக்குப் போனார் என்று யந்திரம் சொல்லும். அந்த இரண்டு மணி நேரத்தில் சோறு ஊட்டினாரா, ஏசினாரா என்று சொல்லாது.

அதே அமெரிக்காவில் இதைவிட மேலான முறையொன்று முன்பே தோன்றியிருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் பதினான்காம் வயதில் கைகால் இழந்து, இரும்பு சுவாச யந்திரத்தில் உறங்கிய எட் ராபர்ட்ஸ் என்பவர் 1962-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அவரும் நண்பர்களும் 1972-ல் பெர்க்லியில் சுயேச்சை வாழ்வு மையம் ஒன்றை நிறுவினார்கள். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும், வேலையைக் கற்பிப்பதும், தகாதவரை விலக்குவதும் உதவி பெறுபவருடைய உரிமை. சம்பளப் பணம் மாத்திரம் சர்க்காருடையது என்பதே அவர்களுடைய கொள்கை. கலிபோர்னியாவின் வீட்டு உதவித் திட்டம் இந்த அடிப்படையிலேயே நடந்து வருகிறது. உதவி பெறுபவரே எஜமானர் ஆகும்போது, முதல் மேற்பார்வையாளரும் அவரே ஆகிறார்.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு நேர் எதிரிடையாக இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். மூளை முடக்குவாதம், ஆட்டிஸம், புத்தி வளர்ச்சிக் குறைவு முதலியவற்றால் பாதிக்கப்பட்டோருக்காக 1999-ஆம் வருஷத்தில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் செய்யப்பட்டது. ஜில்லா தோறும் ஒரு கமிட்டி கார்டியனை நியமிக்கிறது. நியமனமான 6 மாதத்துக்குள் அந்தக் கார்டியன், தம் பொறுப்பிலுள்ளவருடைய சொத்துக்களின் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும். வருஷந்தோறும் வரவு செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். நிலத்துக்கும் நகைக்கும் கணக்கு உண்டு. உடலில் விழுந்த படுக்கைப் புண்ணுக்குக் கணக்கு எங்கே? கார்டியன் கொடுமை செய்தால் அவரை நீக்கும்படி மனுச் செய்யக்கூடியவர்கள் யார் என்று 17-வது பிரிவு கூறுகிறது: பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற ஸ்தாபனம். கொடுமைக்கு ஆளானவருடைய பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்குப் பேச வராது என்று சட்டம் இயற்றியவர்கள் எண்ணினார்கள் போலும். பேச வராதவரும் கண்ணால், கையால், சிலேட்டில் சுட்டி, எத்தனையோ விதமாகத் தம் மனத்தைத் தெரிவிப்பதைப் பழகியவர்கள் அறிவார்கள்.

ஆகவே நாம் கோருவது இதுதான். மேற்பார்க்க வருகிற உத்தியோகஸ்தர் யாராயினும் முதலில் உதவி பெறுபவருடன், உதவியாளரையும் வீட்டாரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தனித்துப் பேச வேண்டும். உதவி பெறுபவர் ஸ்திரீயாக இருந்தால் வருகிறவரும் ஸ்திரீயாக இருத்தல் அவசியம். புகார் எழுந்த அன்றே மாற்று ஆளை அனுப்பும் ஏற்பாடு ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்க வேண்டும்; அது இல்லாதவரை எவரும் வாய் திறக்கமாட்டார்கள். தம் பொறுப்பிலிருப்பவருக்கு வேண்டுமென்றே உணவும் நீரும் மறுப்பவருக்கு 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை என்று 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 92-வது பிரிவு விதிக்கிறது. பட்டினி கிடப்பவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து புகார் எழுதிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தால் அந்தப் பிரிவு காகிதத்திலேயே கிடக்கும். வீட்டிலிருந்து இரவு பகலாக உழைக்கும் தாய்மாருக்கு ஓய்வும் வேண்டும். களைத்த கைதான் பெரும்பாலும் கடுமையான கையாகிறது; அவர்களைக் குற்றவாளிகளைப் போல நடத்தும் மேற்பார்வை நமக்கு வேண்டாம்.

17-வது பிரிவைத் திருத்துவது பார்லிமெண்டின் வேலை. அதற்கு முன்பே ஊர்தோறும் பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மேற்சொன்ன ஜில்லாக் கமிட்டி 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பதும், அதன் அங்கத்தினர்களில் ஒருவர் ஊனமுற்றவராக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். தங்கள் ஜில்லாவில் அந்த அங்கத்தினர் யார், கமிட்டி கடைசியாகக் கூடியது எந்த மாதம், அன்று எத்தனை வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததாகக் குறிப்பில் எழுதியிருக்கிறது என்று, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனுப் போட்டுக் கேட்கலாம்.